சின்னக் கசிவு

ஜனவரி 6

ஒரு வழியாக இன்று தொடங்கினோம். எங்கள் மேலதிகாரி எஸ்.இ. ராமகுரு சார் தேங்காய் உடைக்கச் சொன்னார், ஆபரேட்டர் வானமாமலை உடைத்தார், நான் என் பங்குக்கு மனசுக்குள் ஒரு ஜெபம் சொல்லிக்கொண்டேன். கம்ப்யூட்டருக்கு எந்தச் சாமி பொறுப்பு என்று யாருக்கும் தெரியாததால் எல்லாரையும் கூப்பிட்டுவிடுவது நல்லது.

நானே எழுதிக் கேட்டு, நச்சரித்து வாங்கிய திட்டம் இது. எங்கள் அனல் மின் நிலையத்துப் பாய்லருக்குள் சுவர் முழுக்க டியூப்கள். அதில் ஒன்றில் ஊசி நுழைகிற ஓட்டை விழுந்தால் போதும், சீறுகிற நீராவி பக்கத்து டியூபை அறுக்கும், அது அதற்கடுத்ததை அறுக்கும். ஆரம்பத்திலேயே பிடித்தால் ஒரு டியூபோடு போகும். பிடிப்பதற்கு இத்தனை காலமும் இருந்த கருவி மனிதக் காதுதான். பெரும்பாலும் என் காது. "பியூலா மேடம் கேட்டுச் சொல்லிட்டா மறுபேச்சு கிடையாது" என்று சார் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் நிறுத்தச் சொன்னதில்லை.

இனி சுவரில் பொருத்திய மைக்குகள் கேட்கும், கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். அதற்குப் பாடம் எடுக்கச் சென்னைக் கம்பெனியிலிருந்து நஸ்ரின் வந்திருக்கிறாள். பூர்வீகம் மேலப்பாளையம், வளர்ந்தது சென்னை, என் மகள் வயசு. சாப்பிடும்போது விளக்கினாள். சத்தத்தைப் படமாக மாற்றி ஆயிரக்கணக்கில் காட்டுவார்களாம். விதி ஒன்றும் சொல்லித்தர மாட்டார்களாம். பார்த்துப் பார்த்து அதுவாகவே பிடித்துக்கொள்ளுமாம். டீப் லேர்னிங் என்றாள். அப்படிப் படிக்கிற புரோகிராமுக்கு மாடல் என்று பேராம். அது வேறு ஊர்ப் பாய்லர்களில் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறது, நம் பாய்லரின் குரல் மட்டும் பழக வேண்டும்.

"போன வருஷம் மைக்ல பதிவான சத்தத்த எல்லாம் துண்டு துண்டா வெட்டி வச்சிருக்கேன் மேடம். நீங்க ஒவ்வொண்ணாக் கேட்டு, இது சாதாரணம், இது சின்னக் கசிவு, இது பெரிய கசிவுன்னு பேர் போட்டு, லேபிள் பண்ணித் தரணும்."

"அவ்வளவுதானா?" என்றேன்.

ஜனவரி 9

நாள் முழுக்க ஹெட்போன். சாதாரணம், சாதாரணம், சாதாரணம். நடுவில் எப்போதாவது ஒரு கசிவு. எனக்கு அலுக்கவே இல்லை. பழைய கல்யாண ஆல்பம் புரட்டுகிற சந்தோஷம் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. குக்கர் வெயிட் கெட்டுப்போயிருக்கிறது, விசிலே வருவதில்லை. நான் பக்கத்திலேயே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கோயில்பிள்ளை ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

"எத்தன விசில் வைக்கணும்னு மட்டும் சொல்லு பியூலா, நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

இந்தக் கரிசனம் புதிது. கல்யாணமான புதிதில்கூட இவர் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. தபால் ஆபீசில் வேலை குறைந்துவிட்டது போலிருக்கிறது.

ஜனவரி 11

புது வெயிட் வாங்கியாயிற்று. இதுவும் மட்டமான சரக்கு.

ஜனவரி 19

நஸ்ரினை மூன்றாம் யூனிட் பாய்லருக்குக் கூட்டிப்போனேன். உள்ளே நுழைந்ததும் எல்லாரையும் போல அவளும் கத்திப் பேசப் பார்த்தாள். அங்கே கத்தி ஒரு பிரயோஜனமும் இல்லை. நாங்கள் கையால்தான் பேசிக்கொள்வோம். உள்ளங்கையைக் கவிழ்த்து இறக்கினால் பிரஷர் குறைகிறது. கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. மீசையை முறுக்கினால் எஸ்.இ. வருகிறார். மேல் தளத்தில் நின்றுகொண்டு வானமாமலை வாயை அசைத்ததை வைத்தே, அவர் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார், லீவு கேட்கிறார் என்று அவளுக்குச் சொன்னேன். அசந்துபோய்விட்டாள்.

"எப்படி மேடம்?"

அவள் உதட்டைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வியையும் தெரிந்துகொண்டேன். வெளியே வந்து பதில் சொன்னேன். "உள்ள எல்லாரும் செவிடுதான். அதனால யாரும் செவிடு இல்ல."

வருகிற வழியில் ஸ்டோர்ஸ் வாசலில் செல்லத்துரை அண்ணன் உட்கார்ந்திருந்தார். பாய்லரில் என்னோடு இருந்தவர். போன வருஷ மெடிக்கலில் காது மந்தம் என்று வந்ததும், இனி பாய்லர் பக்கமே வரக்கூடாது என்று ஆர்டர் போட்டு இங்கே உட்கார வைத்துவிட்டார்கள். என்னைக் கண்டதும் எழுந்து, "மூணாவது யூனிட் எப்படி இருக்கு?" என்றார், சொந்தக்காரர்களை விசாரிக்கிறதுபோல. நல்லா இருக்கு அண்ணே என்றேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

இந்த வருஷ மெடிக்கல் அடுத்த மாதம். என்னை அப்படி நட்டு போல்ட்டுக்குக் காவல் வைத்தால் நான் தாங்கமாட்டேன். அதற்கு அவசியம் வராது.

ஜனவரி 24

மாடலின் முதல் மார்க் வந்தது. சுமார்தான். நஸ்ரின் நகத்தைக் கடித்துக்கொண்டே சொன்னாள், "வெளியூர்ப் பாடத்தோட வந்தப்ப இதவிட நல்லா இருந்துச்சு மேடம். நம்ம லேபிளச் சேக்கச் சேக்க மோசமாகுது."

என்னென்ன தப்பு என்று கேட்டேன். நான் சாதாரணம் என்று போட்ட இடத்திலெல்லாம் கசிவு, கசிவு என்று அடம்பிடிக்கிறதாம். சரியான பயந்தாங்கொள்ளி. ஆபரேட்டர்கள் அதற்குப் 'பெரிய காது' என்று பேர் வைத்துவிட்டார்கள். காது பெரிசாக இருந்தால் போதுமா?

வானமாமலையையும் கொஞ்சம் லேபிள் போடச் சொல்லப்போகிறாளாம். தாராளமாகப் போடட்டும்.

ஜனவரி 25

சர்ச்சில் புதுப் போதகர் தாடிக்குள்ளேயே பிரசங்கம் பண்ணுகிறார். ஆண்டவருக்குக் கேட்டால் போதும் என்று விட்டுவிட்டார் போல. வெளியே வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் பதில் சொல்லாமல், எனக்கு எதிரே வந்து நின்று, பிரசங்கத்தின் சாரத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்லிமுடித்தார். கவுண்டருக்கு வருகிற பென்ஷன்காரர்களிடம் பேசிப் பேசி என்னிடமும் அப்படியே பேச ஆரம்பித்துவிட்டார். எரிச்சலாக வந்தது. ஆனால் நல்ல பிரசங்கம்.

மகள் இரண்டு தடவை கூப்பிட்டாள். இங்கே டவர் சரியில்லை, மெசேஜ் போடு என்று எழுதினேன்.

பிப்ரவரி 2

நஸ்ரின் டீ வாங்கிக்கொண்டு வந்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க."

திரையில் ஒரு படம் போட்டாள். போன வருஷம் பாய்லரை நிறுத்திப் பார்த்து, ஓட்டை இருந்தது என்று உறுதியான கசிவுகள். ஒவ்வொன்றும் எப்போது கேட்க ஆரம்பித்தது என்று மூன்று கோடுகள். மாடலின் கோடும் வானமாமலையின் கோடும் ஒட்டி ஒட்டி வருகின்றன. என் கோடு தள்ளி நிற்கிறது. ஒவ்வொரு கசிவிலும் தள்ளித்தான் நிற்கிறது.

"சத்தம் மெல்லிசா, கீச்சுனு இருக்கும்போது நீங்க சாதாரணம்னு போடுறீங்க. அது கனத்த பிறகுதான் கசிவுனு போடுறீங்க. சின்னக் கசிவுங்கற பேர நீங்க ஒரு எடத்துலகூடப் போடல மேடம்."

"அதுனால?"

"ஒண்ணுமில்ல மேடம். ஹெட்போன மாத்திப் பாக்கலாமா?"

நீ எழுத்துக் கூட்டிப் படிக்கிற காலத்தில் நான் பாய்லர் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். இன்னும் இரண்டு வார்த்தையும் சொன்னேன், அதை இங்கே எழுதவில்லை. அவள் கண் கலங்கியது. டீயைக் குடிக்காமலே போய்விட்டாள்.

பிப்ரவரி 3

நஸ்ரினுக்கு இடியாப்பமும் சொதியும் கொண்டுபோகலாம் என்று நினைத்தேன். கொண்டுபோகவில்லை.

பிப்ரவரி 7

லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான் சாதாரணம் என்று போட்டு, மாடல் சின்னக் கசிவு என்று சாதிக்கிற ஒரு துண்டை எடுத்து இவர் காதில் ஹெட்போனை மாட்டினேன். பாய்லரைப் பற்றி இவருக்கு ஒன்றும் தெரியாது, ஸ்டாம்புக்கும் சமுத்திரத்துக்கும் உள்ள உறவுதான். அதனால்தான் இவரைக் கேட்டேன்.

"என்ன கேக்கு?"

"அருவி விழுறாப்பல ஒரு எரைச்சல். அதுக்கு மேல சீ...ன்னு ஒண்ணு. சன்னமா."

இன்னொரு துண்டு போட்டேன். அதிலேயும் இருக்கிறது என்றார். மூன்றாவதில் இல்லை என்றார். மாடல் சொன்னது அப்படியே. ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். இரண்டு டம்ளர் காப்பி போட்டுக்கொண்டு வந்தார், சர்க்கரை அதிகம்.

நானும் திரும்பப் போட்டுக் கேட்டேன். எனக்கும் லேசாகக் கேட்டது என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 11

மெடிக்கல். காது பரிசோதனையில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, பீப் சத்தம் கேட்கும்போது விரலைத் தூக்கச் சொல்வார்கள். டெக்னீஷியன் பொத்தானை அமுக்கும்போது அவர் தோள் லேசாக ஏறும். பாய்லர் ஆட்கள் எல்லாருக்கும் இது தெரியும். தோளைப் பார்த்து விரலைத் தூக்கினால் சீக்கிரம் முடித்துவிட்டு வடை தீர்வதற்குள் கேன்டீனுக்குப் போகலாம். பல வருஷமாக நடக்கிற கூத்து, யாரும் இதைத் தப்பாக நினைப்பதில்லை. செல்லத்துரை அண்ணன் மட்டும்தான் போன வருஷம் தோளைப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

நார்மல் என்று எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். கேன்டீனுக்குப் போகவில்லை. காலையில் அதிகமாகச் சாப்பிட்டதுதான் காரணம்.

பிப்ரவரி 16

இன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் பெரிய காது சிவப்பைக் காட்டியது. மூன்றாம் யூனிட், ஏழாம் மைக், சின்னக் கசிவு. கண்ட்ரோல் ரூமில் ஒரு கருவியிலும் மாற்றமில்லை. சாருக்கு இருதலைக் கொள்ளி. நிறுத்திப் பார்த்து ஒன்றுமில்லை என்றால் திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நிறுத்தாமல் உண்மையிலேயே கசிவு இருந்தாலோ, ஏழாம் மைக் இருக்கிற தளத்தில் கதவைத் திறந்து சாம்பல் அடைப்பு எடுக்க நான்கு பேர் தயாராக நிற்கிறார்கள். கதவைத் திறக்கும் நேரம் பார்த்து டியூப் பிளந்தால் நீராவி அவர்கள் முகத்தில்தான் அடிக்கும்.

"மேடம், நீங்க ஒரு தடவ கேட்டுச் சொல்லிருங்க" என்றார் சார். வானமாமலை கல்யாண லீவில் இருந்தார்.

ஏறினேன். நஸ்ரினும் பின்னாலேயே வந்தாள். அந்தச் சண்டைக்குப் பிறகு நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. கேட்புக் கம்பியின் ஒரு முனையைச் சுவரிலும் மறு முனையை என் காதிலும் வைத்தேன். பாய்லர் எப்போதும்போல உறுமியது. கண்ணை மூடிக் கேட்டேன். இடத்தை மாற்றிக் கேட்டேன். எனக்குப் பழகிய அந்த உறுமலைத் தவிர ஒன்றுமே இல்லை. கண்ணைத் திறந்தபோது நஸ்ரின் கம்பியைக் கேட்டாள். கொடுத்தேன். வைத்த மாத்திரத்தில் அவள் முகம் சுருங்கியது. என்னைப் பார்த்தாள். காற்றில் விரலால் மெல்லிசாக ஒரு கோடு மட்டும் இழுத்துக் காட்டினாள்.

நான்கு பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டைவிரலை உயர்த்தினால் வேலையை ஆரம்பித்துவிடுவார்கள். என் கையை அவர்கள் சந்தேகப்பட்டதே கிடையாது. எனக்கு ஸ்டோர்ஸ் வாசல் ஞாபகம் வந்தது. உண்மையாகவே அதுதான் முதலில் வந்தது, அந்த நான்கு பேர் இரண்டாவதுதான். அதற்கு வெட்கப்படுகிறேன்.

இறங்குங்கள் என்று கை காட்டினேன்.

கண்ட்ரோல் ரூமில் எல்லாரும் இருந்தார்கள். "எனக்கு ஒண்ணும் கேக்கல சார்" என்றேன்.

சார் பெருமூச்சு விட்டார். "அப்ப ஓட்டிரலாம்."

"இல்ல சார். எனக்குக் கேக்கலங்கதுனால இல்லன்னு ஆயிராது. இந்த மெல்லிசு சத்தம் எனக்குக் கேக்கதே இல்ல. ரொம்ப நாளாவே. மாடலுக்குக் கேக்கு, நஸ்ரினுக்குக் கேக்கு. யூனிட்ட நிறுத்துங்க."

"போன வாரம் மெடிக்கல்ல நார்மல்னுதான வந்துச்சு?"

"தோளப் பாத்து வெரலத் தூக்குனேன் சார்."

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு மூன்று பேர் தரையைப் பார்த்தார்கள். சார் யூனிட்டை நிறுத்தச் சொன்னார்.

பிப்ரவரி 18

பாய்லர் ஆறியபின் உள்ளே போய்ப் பார்த்தார்கள். ஏழாம் மைக்குக்கு நேர் பின்னால் ஒரு டியூபில் மிளகு அளவு ஓட்டை. பக்கத்து டியூபைத் தேய்த்துத் தகடாக்கியிருந்தது. கதவைத் திறக்கவிருந்த நான்கு பேரில் ஒருவர் கேன்டீனில் எனக்கு வடை வாங்கிவந்து வைத்தார். சாப்பிட முடியவில்லை, நஸ்ரினுக்குப் பாதி கொடுத்தேன்.

"சாரி அக்கா" என்றாள்.

"நீ எதுக்குச் சாரி கேக்க?" என்றேன். மேடம் அக்காவானதை இருவரும் கண்டுகொள்ளவில்லை.

பிப்ரவரி 21

ஐந்து நாளாக இவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இருந்தேன். இன்று துணி மடிக்கும்போது சொல்லிவிட்டேன். இவர் மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தார். ஆச்சரியப்படவே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பத்துல இருந்து?"

"ரெண்டு வருசமிருக்கும். அடுப்படியில நீ பாட்டுக்கு நிப்ப. பின்னால நின்னு கூப்பிடுவேன், திரும்பமாட்ட. மொதல்ல கோவம்னு நெனச்சேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல? இத்தன நாள் வேடிக்கையா பாத்தீங்க?" என்று கத்தினேன். கத்தினது எனக்கே கேட்டது.

"பாய்லர்ல லீக்கப் புடிச்சிட்டு வீட்டுக்கு வருவ பாரு, அன்னைக்கு ஒன் மொகம் எப்படி இருக்கும்னு எனக்குத்தானட்டி தெரியும். அத நான் எடுக்கணுமா? ஒனக்குக் கேக்குறாப்பல நான் பேசிட்டுப் போறேன்னு நெனச்சேன்." கீழே வைத்த சட்டையை மறுபடி எடுத்தார். "அது தப்புதான். அந்த நாலு பேருக்கு ஏதாவது ஆயிருந்தா ரெண்டு பேருக்கும் பங்கு."

எனக்கு ஒரே நேரத்தில் கோபமும் வந்தது, இவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. துணிக்குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். இவர் மிச்சத் துணியை மடித்து முடித்தார். என் புடவைகளை மடிக்க இவருக்கு இன்னும் தெரியவில்லை.

பிப்ரவரி 26

பாளையங்கோட்டையில் ஒழுங்காகப் பரிசோதனை செய்துகொண்டேன். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு. இரண்டு காதிலும் மேல் சுருதிச் சத்தங்கள் போய்விட்டன. போனது திரும்பாதாம். மிச்சத்தைக் காப்பாற்ற இனி இரைச்சலில் நிற்கக் கூடாது. காதுக்குப் பின்னால் சின்னதாக மெஷின் வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மா பேப்பர் பொட்டலம் பிரித்த சத்தத்துக்குத் திடுக்கிட்டுவிட்டேன். புடவை உரசினால் சத்தம் வரும் என்பதே மறந்துபோயிருந்தது.

ஆர்டரும் வந்தது. பாய்லர் பகுதிக்குள் அனுமதி இல்லை. ஸ்டோர்ஸ் அல்ல, நஸ்ரின் அறையில் எனக்கொரு மேஜை. சார் தன்மையாகத்தான் சொன்னார். எல்லாரும் தன்மையாகத்தான் இருக்கிறார்கள். ஹெல்மெட்டை ஒப்படைத்தேன். என் பாய்லர் என்று இனி சொல்ல முடியாது. இதை எழுதும்போதே நெஞ்சு வலிக்கிறது, வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

மார்ச் 4

டியூப் மாற்றி, மூன்றாம் யூனிட்டை மறுபடி ஓட்டினார்கள். நான் மேஜையில் இருந்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன் என்று நஸ்ரின் சொல்கிறாள், இருக்கலாம். என் பழைய லேபிள்களைத் தூர எறிந்துவிடச் சொன்னேன். மறுபடி முதலிலிருந்து போடுவோம் என்றாள். ஏழாம் மைக்கிலிருந்து வருகிற சத்தத்தை நேரடியாக ஸ்பீக்கரில் திறந்துவிட்டாள்.

பழகிய உறுமல் வந்தது. அதற்கு மேலே, இழை மாதிரி, அறுபடாமல், சன்னமாக ஒரு சத்தம். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"நஸ்ரின், லீக்! சாருக்குப் போன் போடு! இப்பதான மாத்துனாங்க, அதுக்குள்ள..."

அவள் திரையைப் பார்த்தாள். பச்சையாகத்தான் இருந்தது. எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இது லீக் இல்ல. லீக்குன்னா இதுக்கு மேல இன்னும் கூர்மையா வரும். இது பாய்லர் நல்லா இருக்குறப்போ வர்ற சத்தம். எப்பவும் இருக்குறதுதான்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

உட்கார்ந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் இது கேட்டிருக்கும். எந்த வருஷம் கேட்காமல் போனது என்று தெரியவில்லை. அது சொல்லிக்கொண்டு போகவில்லை. நான் பாதி பாய்லரைத்தான் முழுப் பாய்லர் என்று நினைத்து இத்தனை பிரியம் வைத்திருந்திருக்கிறேன். உள்ளே நின்ற காலமெல்லாம் கேட்காதது, வெளியே அனுப்பிய பிறகு இந்த அறையில் கேட்கிறது. அழுதேன். நஸ்ரின் கையை எடுக்கவில்லை.

பிறகு கீபோர்டை என் பக்கம் தள்ளினாள். "பேர் நீங்க போடுங்க அக்கா."

சாதாரணம் என்று அடித்தேன்.

"அடுத்தது போடவா?"

"இரு, இதையே இன்னொரு தடவ போடு" என்றேன்.